ஓர் அலைக்கு மட்டும் திறக்கும் கதவு



அறுவைச் சிகிச்சைக்காக ஒருவருக்கு மயக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள். தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்தாயிற்று. இனி அவர் தாமாக மூச்சுவிட இயலாது. மருத்துவர் அவருடைய வாய் வழியாக ஒரு குழாயைச் செலுத்தி, அதன் வழியே காற்றை அனுப்ப வேண்டும். தொண்டைக்குக் கீழே இரண்டு வழிகள் இருப்பதை உயிரியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். முன்னால் இருப்பது மூச்சுக்குழல்; அதன் பின்னால் இருப்பது உணவுக்குழல். செலுத்திய குழாய் முன்வழியில் சென்றதா, தவறிப் பின்வழியில் சென்றதா என்பதை உடனே அறிந்தாக வேண்டும். பின்வழியில் சென்றிருந்தால் காற்று இரைப்பைக்குப் போகும், நுரையீரலுக்குப் போகாது. சில நிமிடங்களிலேயே மூளை ஆக்சிஜன் இன்றிக் கெடத் தொடங்கும்.

இதை எப்படி அறிவது? வெளிக்காற்றில் கரியமில வாயு, அதாவது கார்பன் டை ஆக்சைடு, சுமார் 0.04 விழுக்காடுதான் உள்ளது. நுரையீரலிலிருந்து வெளிவரும் காற்றிலோ அது ஏறக்குறைய 5 விழுக்காடு. ஆகவே குழாய் வழியே திரும்பி வரும் காற்றில் கரியமில வாயுவை அளந்தால் போதும். குழாய் சரியான இடத்தில் இருந்தால், கருவியின் திரையில் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு மேடு எழும். தவறான இடத்தில் இருந்தால் மேடு எழாது. அல்லது ஓரிரு சிறு மேடுகளுக்குப் பின் கோடு தட்டையாகிவிடும். இந்தக் கருவிக்குக் கேப்னோகிராஃப் என்று பெயர்.

இக்கருவி வாயுவை ஒளியைக் கொண்டு அளக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி அது. கருவியினுள்ளே விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு தகடு இருக்கும். பல அலைநீளங்கள் கலந்து வரும் கதிர்களுள் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் உள்ளே விட்டு, மற்றவற்றைத் தடுப்பதே அதன் வேலை. இதனைக் குறும்பட்டை வடிகட்டி என்கிறோம். அது எப்படி வேலை செய்கிறது, அதை வாங்குவோர் எந்தெந்த அளவுகளைக் கேட்டுப் பெற வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

வாயுவின் தனி அடையாளம்

1800ஆம் ஆண்டில் வானியல் அறிஞர் வில்லியம் ஹெர்ஷெல், சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், ஒளியே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானியும் ஏறியது. அகச்சிவப்புக் கதிர்கள் இவ்வாறு அறியப்பட்டன. உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் ரிமோட் இத்தகைய கதிரைத்தான் வீசுகிறது. அதன் முனையைக் கைபேசியின் கேமரா வழியே பார்த்துக்கொண்டு பொத்தானை அழுத்துங்கள். பல கைபேசிகளில் அது மினுக்குவதைக் காணலாம்.

அகச்சிவப்பு அலைநீளங்களை மைக்ரோமீட்டரில் அளப்பார்கள். இதன் பழைய பெயர் மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். கண்ணுக்குத் தெரியும் ஒளி சுமார் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. அதற்கு மேற்பட்டது அகச்சிவப்பு.

கரியமில வாயுவின் மூலக்கூறில் நடுவில் ஒரு கார்பன் அணுவும் இரு பக்கங்களிலும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களும் உள்ளன. இவற்றை வில்சுருளால் இணைத்த மூன்று குண்டுகளாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துச் சுருள் நீளும்போது மறுபக்கத்துச் சுருள் சுருங்குமாறு இம்மூலக்கூறு அதிரக்கூடும். இந்த அதிர்வு விநாடிக்குச் சுமார் 70 இலட்சம் கோடி தடவை நிகழ்கிறது. இதே அதிர்வெண் கொண்ட ஒளி வந்தால் மூலக்கூறு அதனை உட்கவர்ந்துகொள்ளும். அந்த ஒளியின் அலைநீளம் சுமார் 4.26 மைக்ரான். மூலக்கூறு சுழலவும் செய்வதால், உட்கவர்தல் ஒரே புள்ளியில் நில்லாமல் ஏறக்குறைய 4.2 முதல் 4.35 மைக்ரான் வரை பரவியிருக்கும்.

ஆக்சிஜனும் நைட்ரஜனும் ஒரே வகை அணுக்கள் இரண்டு சேர்ந்தவை. அவை அகச்சிவப்பை இவ்வாறு உட்கவர்வதில்லை. ஆகவே காற்றினூடே 4.26 மைக்ரான் ஒளியை அனுப்பி, எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் கரியமில வாயுவின் அளவு தெரிந்துவிடும். வாயுக்கள் அகச்சிவப்பை உட்கவர்வதை 1860களை ஒட்டிய ஆண்டுகளில் ஜான் டிண்டால் விரிவாக அளந்தார். அதையே தொழிற்சாலைக்கு ஏற்ற அளவுகருவியாக்கி, 1943இல் விவரித்தவர் ஜெர்மானியரான கார்ல் லுஃப்ட்.

அண்டை வீட்டாரின் தொல்லை

மயக்க மருத்துவத்தில் நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயுவும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. சிரிப்பூட்டும் வாயு என்பதும் இதுவே. இது 4.5 மைக்ரான் அருகில் ஒளியை உட்கவர்கிறது. நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு 4.66 மைக்ரானை ஒட்டி உட்கவர்கிறது. கரியமில வாயுவுக்கும் நைட்ரஸ் ஆக்சைடுக்கும் இடையே உள்ள தூரம் 0.24 மைக்ரான்தான்.

இப்போது ஒன்றை எண்ணிப் பாருங்கள். நம் வடிகட்டி 4.0 முதல் 4.5 மைக்ரான் வரை எல்லாவற்றையும் விட்டுவிடுவதாக வைத்துக்கொள்வோம். நோயாளிக்குக் கொடுத்த நைட்ரஸ் ஆக்சைடும் அந்த ஒளியைக் குறைக்கும். கருவியோ கரியமில வாயுதான் குறைத்தது என்று எண்ணி மிகையான அளவைக் காட்டும். உயிர் ஊசலாடும் இடத்தில் கருவி பொய் சொல்லலாகாது. எனவேதான் குறுகிய பட்டை தேவைப்படுகிறது.

நிறக் கண்ணாடிகளும் நிறத்தாள்களும் வடிகட்டிகள்தாமே, அவை போதாவா என்று கேட்பீர்கள். சிவப்புக் கண்ணாடியில் கலந்துள்ள பொருள் நீலத்தையும் பச்சையையும் உட்கவர்ந்துவிடும். மிஞ்சிய சிவப்பு வெளிவரும். ரிமோட்டின் கதிரை வாங்கும் இடத்திலுள்ள கருநிறப் பிளாஸ்டிக்கும் இவ்வாறே கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து அகச்சிவப்பை விடுகிறது. ஆனால் எந்தெந்த ஒளியை உட்கவர வேண்டும் என்பது அப்பொருளின் இயல்பைப் பொறுத்தது. நம் விருப்பத்தைப் பொறுத்ததன்று. 4.19 முதல் 4.33 வரை மட்டும் விட்டு, இருபுறமும் தடுக்கும் சாயப்பொருளைத் தேடினால் கிடைக்காது. நாமே அளவெடுத்துச் செய்யக்கூடிய வேறொரு வழி வேண்டும்.

சோப்புக் குமிழி சொல்லும் பாடம்

சோப்பு நீருக்கு நிறமில்லை. ஆனால் குமிழியில் வானவில் நிறங்கள் தெரிகின்றன. மழை பெய்த சாலையில் சிந்திய எண்ணெயிலும் இதையே காண்கிறோம். இந்நிறங்கள் சாயத்தால் வந்தவையல்ல, தடிமனால் வந்தவை. படலத்தின் மேற்பரப்பில் எதிரொளித்த அலையும், கீழ்ப்பரப்பில் எதிரொளித்த அலையும் சேரும்போது, முகடும் முகடும் பொருந்தினால் ஒளி வலுக்கிறது. முகடும் அகடும் சந்தித்தால் ஒளி மறைகிறது. இதுவே குறுக்கீட்டு விளைவு. எந்த அலைநீளம் வலுக்கும், எது மறையும் என்பதைப் படலத்தின் தடிமன் முடிவு செய்கிறது.

தடிமனை நாம் அமைக்க முடியும். அப்படியானால் அலைநீளத்தையும் நாம் தேர்ந்தெடுக்க முடியும். குறும்பட்டை வடிகட்டியின் அடிப்படை இதுதான்.

இரண்டு ஆடிகளின் புதிர்

இப்போது ஒரு புதிர். விழும் ஒளியில் 90 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பி, 10 விழுக்காட்டை மட்டும் ஊடுருவ விடும் ஆடி ஒன்று இருக்கிறது. அதேபோன்ற இன்னோர் ஆடியை அதன் பின்னால் இணையாக வைக்கிறோம். எவ்வளவு ஒளி வெளிவரும்?

முதல் ஆடியில் பத்தில் ஒரு பங்கு, இரண்டாவதில் அதில் பத்தில் ஒரு பங்கு, ஆக நூற்றில் ஒரு பங்கு என்று விடை சொல்வீர்கள். பெரும்பாலான அலைநீளங்களுக்கு ஒளி சொற்பமாகவே வெளிவரும். ஆனால் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்துக்கு மட்டும் முழு ஒளியும் வெளிவந்துவிடும்!

இது எப்படி? ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துச் சிறிது சிறிதாகத் தள்ளினால் வீச்சு பெருகிக்கொண்டே போகும். நேரம் தவறித் தள்ளினால் பெருகாது. இரண்டு ஆடிகளுக்கும் இடையே ஒளி அங்குமிங்கும் எதிரொளித்துக்கொண்டிருக்கிறது. ஒரு சுற்றுப் போய்வரும் தூரம் ஒரு முழு அலைநீளத்துக்குச் சமமாக இருந்தால், திரும்பி வந்த அலையும் புதிதாக நுழையும் அலையும் முகடோடு முகடு பொருந்தும். உள்ளே ஒளி பெருகிக்கொண்டே போய், நுழைய வந்த ஒளியைப் போல் பத்து மடங்காகிவிடும். இரண்டாம் ஆடி அதில் பத்தில் ஒரு பங்கை வெளியே விடுகிறது. பத்து மடங்கில் பத்தில் ஒரு பங்கு என்றால் முழு அளவு அல்லவா?

அப்படியானால் முதல் ஆடி திருப்பி அனுப்பிய 90 விழுக்காடு என்னவாயிற்று? உள்ளே பெருகிய ஒளியில் ஒரு பகுதி முதல் ஆடி வழியாகவும் கசியும். அந்தக் கசிவும், முதல் ஆடி திருப்பிய அலையும் சம வீச்சுடன் எதிர்க் கட்டத்தில் சேர்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஆதலால் ஒளி திரும்புவதே இல்லை; யாவும் முன்னோக்கிச் சென்றுவிடுகிறது. ஆற்றல் அழியாமையும் காப்பாற்றப்படுகிறது.

பொருந்தாத அலைநீளங்களுக்கு நிலைமை நேர்மாறு. மிகவும் பொருந்தாத அலைநீளத்தில் 0.3 விழுக்காடுகூட வெளிவராது. கதவு ஓர் அலைக்கு மட்டுமே திறக்கிறது. பிரெஞ்சு அறிஞர்கள் சார்ல் ஃபாப்ரி, ஆல்ஃபிரட் பெரோ ஆகிய இருவரும் 1899இல் அமைத்த குறுக்கீட்டுமானி இந்தத் தத்துவத்தில் அமைந்ததே. ஜெர்மனியில் வால்ட்டர் கெஃப்கென் என்பவர் 1939இல் இதையே மெல்லிய படலங்களாக்கித் தகட்டின்மேல் படியவைத்து, குறுக்கீட்டு வடிகட்டியை உருவாக்கினார்.

ஆடியின் எதிரொளிப்பு கூடக்கூட ஒளி உள்ளே அதிகத் தடவை சுற்றும். சுற்றுகள் கூடினால் அலைநீளத்தில் உள்ள சிறு பொருத்தமின்மையும் பெருகி வெளிப்பட்டுவிடும். எனவே பட்டை குறுகும். ஆடிகளுக்கு இடையே அரை அலைநீள இடைவெளி இருக்கையில், 90 விழுக்காடு எதிரொளிக்கும் இலட்சிய ஆடிகள் 4.26 மைக்ரானில் சுமார் 0.14 மைக்ரான் அகலமுள்ள பட்டையைத் தரும். 95 விழுக்காடாக்கினால் அகலம் 0.07 மைக்ரானாகப் பாதியாகிவிடும்.

வடிகட்டியைச் செய்யும் விதம்

வெள்ளி பூசிய ஆடி ஒளியில் ஒரு பங்கை உட்கவர்ந்துவிடும். அதனால் உலோகமில்லாத ஆடிகளைச் செய்கிறார்கள். ஒளிவிலகல் எண் மிகுந்த ஒரு பொருளையும், குறைந்த ஒரு பொருளையும் மாற்றி மாற்றி அடுக்குகிறார்கள். ஒவ்வோர் அடுக்கும் கால் அலைநீளத் தடிமன் உடையது. அகச்சிவப்பில் ஜெர்மானியத்தின் ஒளிவிலகல் எண் சுமார் 4.0. சிலிக்கன் மோனாக்சைடின் எண் சுமார் 1.8. இவ்விரண்டும் சந்திக்கும் ஒரு பரப்பில் 14 விழுக்காடு ஒளிதான் எதிரொளிக்கும். ஆனால் கால் அலைநீளத் தடிமன் காரணமாக எல்லாப் பரப்புகளிலிருந்தும் திரும்பும் அலைகள் கட்டம் பொருந்திச் சேர்வதால், சில அடுக்குகளிலேயே 90 விழுக்காட்டை எட்டிவிடலாம்.

கணக்கைச் செய்து பார்ப்போம். 4.26 மைக்ரானில் நாலில் ஒரு பங்கு 1.065. பொருளுக்குள் அலைநீளம் சுருங்குமாதலால் ஒளிவிலகல் எண்ணால் வகுக்க வேண்டும். ஜெர்மானிய அடுக்கின் தடிமன் 1.065 ÷ 4.0 = 0.27 மைக்ரான். சிலிக்கன் மோனாக்சைடு அடுக்கின் தடிமன் 1.065 ÷ 1.8 = 0.59 மைக்ரான். இரண்டு ஆடி அடுக்குகளுக்கும் நடுவே ஜெர்மானியத்தாலான அரை அலைநீள அடுக்கு ஒன்று. அதன் தடிமன் 0.53 மைக்ரான். ஒளி பெருகும் ‘அறை’ இதுவே.

இவற்றைச் சாதாரணக் கண்ணாடியின்மேல் பூசுவதில்லை. நம் சன்னல் கண்ணாடி 4.26 மைக்ரான் ஒளிக்குச் சுவர் போன்றது. ஆகவே சிலிக்கன், ஜெர்மானியம், நீலமணிப் படிகம் போன்றவற்றைத் தகடாகக் கொள்கிறார்கள். வெற்றிடக் கலத்தில் பொருளைச் சூடாக்கி ஆவியாக்கினால், ஆவி தகட்டின்மீது படலமாகப் படிகிறது. படியும்போதே ஒளியைச் செலுத்தித் தடிமனை அளந்துகொண்டிருப்பார்கள். எல்லா அடுக்குகளும் 1 விழுக்காடு தடித்துவிட்டால், கதவு 4.26க்குப் பதிலாக 4.30 மைக்ரானில் திறக்கும். அறை அடுக்கில் அந்த 1 விழுக்காடு என்பது சுமார் இருபது ஜெர்மானிய அணுக்களை வரிசையாக வைத்த நீளந்தான். இவ்வேலையின் நுட்பம் இதிலிருந்து விளங்கும்.

ஓர் அறை போதாது

ஓர் அறை மட்டும் உள்ள வடிகட்டியின் வரைபடம் மலையைப் போன்றது. உச்சி கூர்மை, அடிவாரமோ அகலம். 0.14 மைக்ரான் அகலமுள்ள அத்தகைய வடிகட்டி, 4.5 மைக்ரானில்கூடச் சுமார் 8 விழுக்காடு ஒளியை விட்டுவிடும். அங்கேதான் நைட்ரஸ் ஆக்சைடு காத்திருக்கிறது! இரண்டு அறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இது 1 விழுக்காட்டிற்கும் கீழே போய்விடும். மூன்று அறைகள் இருந்தால் இன்னும் பல மடங்கு குறையும். வரைபடமும் மலை வடிவத்தை விட்டு, மேசை வடிவத்தை நெருங்கும். உச்சி தட்டை, பக்கங்கள் செங்குத்து.

வாங்குவோர் கேட்க வேண்டியவை

ஒரு வடிகட்டியை விவரிக்க ஓர் எண் போதாது. கீழ்க்கண்டவை அனைத்தும் வேண்டும்.

1. மைய அலைநீளம். உச்சியின் பாதி உயரத்தில் வரைபடத்தின் இரு பக்கங்களையும் குறித்து, அவற்றின் நடுப்புள்ளியை எடுப்பது வழக்கம். இதனுடன் அனுமதிக்கும் பிழையும் சேர வேண்டும். எடுத்துக்காட்டு: 4.26 மைக்ரான், கூட்டல் கழித்தல் 0.02.

2. பட்டை அகலம். மேற்சொன்ன இரு புள்ளிகளுக்கும் இடையே உள்ள தூரம் இது. அரை உயர அகலம் என்பர். நம் எடுத்துக்காட்டில் 0.14 மைக்ரான்.

3. உச்ச ஊடுருவல். இலட்சிய வடிகட்டியில் இது 100 விழுக்காடு. உண்மையில் உட்கவர்தலும் தடிமன் பிழைகளும் உண்டு. 70 விழுக்காட்டிற்குக் குறையாமல் வேண்டும் என்பது போல எழுதுவார்கள்.

4. பட்டைக்கு வெளியே தடுப்பு. எந்த அலைநீளத்திலிருந்து எந்த அலைநீளம் வரை, எவ்வளவு கசியலாம் என்பது.

5. ஒளி விழும் கோணம்.

6. வெப்பநிலை.

முதல் மூன்றையும் எல்லோரும் பார்ப்பார்கள். பின்னுள்ள மூன்றில்தான் தவறு நேரும்.

கசிவின் கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆய்வுக்கூடத்தில் மூன்று மாணவர்கள் கரியமில வாயுவை அளக்கும் அமைப்பு ஒன்றைச் செய்தார்கள். மங்கிய சிவப்பாகக் கனலும் நிக்ரோம் சுருள், இரு முனைகளிலும் மெல்லிய பாலித்தீன் தாள் கட்டிய குழாய், 4.26 மைக்ரான் வடிகட்டி, அதன் பின்னால் கதிரின் வெப்பத்தை மின்னழுத்தமாக மாற்றும் வெப்பமின்னடுக்கு, இவ்வளவே. குழாயினுள் மூச்சை ஊதினால் அளவு நன்றாகக் குறைய வேண்டும். மாணவர்கள் மாறி மாறி ஊதினார்கள். முள் அசைந்ததாகவே தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, அவர்களுள் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். தடித்த சன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை ஒளியின் வழியில் வைத்தார். கண்ணாடி 4.26 மைக்ரானை விடாது. ஆகவே அளவு சுழியாக வேண்டும். ஆனால் சிறிதளவே குறைந்தது! அப்படியானால் வெப்பமின்னடுக்கை அடைந்த ஒளியில் பெரும்பகுதி 4.26 மைக்ரான் அன்று. கண்ணாடி ஊடுருவ விடும் சிற்றலைகளே.

அந்தச் சிற்றலைகள் எப்படி உள்ளே வந்தன? 4.26க்குக் கால் அலைநீளமாக அமைந்த அடுக்கு, அதில் பாதியான 2.13 மைக்ரானுக்கு அரை அலைநீளமாகிவிடுகிறது. அரை அலைநீள அடுக்குகள் ஆடியாக வேலை செய்யா. அங்கே இன்னொரு கதவு திறந்துவிடுகிறது. நீண்ட அலைகளின் பக்கத்திலும் ஆடிகளின் ஆட்சி ஓரிடத்தில் முடிந்துபோகும். இதற்காகவே நல்ல வடிகட்டியின் மறுபக்கத்தில் தடுப்பு அடுக்குகளைத் தனியே பூசுவார்கள். நாங்கள் வாங்கியதில் அது இல்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. வாங்கும் சீட்டில் கையொப்பமிட்டவன் நானே. மைய அலைநீளத்தையும் அகலத்தையும் மட்டும் எழுதியிருந்தேன். பின்னர், தடுப்புப் பூச்சுள்ள இன்னொரு தகட்டைச் சேர்த்து வைத்ததும், முதல் மூச்சிலேயே முள் இறங்கியது.

கசிவு ஏன் இவ்வளவு கேடு செய்கிறது? ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். எல்லா அலைநீளங்களிலும் ஒளி ஒரே அளவில் வருவதாகக் கொள்வோம். நமக்கு வேண்டிய ஒளி: அகலம் 0.14 × ஊடுருவல் 0.7 = ஏறக்குறைய 0.1 பங்கு. வேண்டாத பகுதியின் அகலமோ சுமார் 10 மைக்ரான். அதில் 1 விழுக்காடு கசிந்தால் 10 × 0.01 = 0.1 பங்கு. வேண்டிய ஒளியும் வேண்டாத ஒளியும் சமமாகிவிட்டன! 99 விழுக்காடு தடுத்தும் பயனில்லை. கசிவை 0.1 விழுக்காடாக்கினால் வேண்டாதது பத்தில் ஒரு பங்காகும், 0.01 விழுக்காடாக்கினால் நூற்றில் ஒரு பங்காகும். இதைப் பத்தின் அடுக்காகச் சொல்வது வழக்கம். ஒளி அடர்த்தி 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு கசிவு. 4 என்றால் பதினாயிரத்தில் ஒரு பங்கு.

சாய்த்தால் என்ன ஆகும்?

வடிகட்டியைச் சாய்த்துப் பிடித்தால், திறக்கும் அலைநீளம் குறைகிறது. இது வியப்பாக இருக்கும். கதிர் சாய்ந்து சென்றால் படலத்தினுள் பாதை நீளத்தானே செய்யும்? அப்படியானால் அலைநீளமும் கூட வேண்டாமா?

இங்கே பார்க்க வேண்டியது ஒரு கதிரின் பாதையை அன்று. இரண்டு கதிர்களின் பாதை வேறுபாட்டை. உள்ளே ஒரு சுற்று அதிகமாகச் சென்ற கதிர், பக்கவாட்டில் நகர்ந்து வேறோர் இடத்தில் வெளிவருகிறது. அதற்குள் முதல் கதிர் வெளியில் கொஞ்ச தூரம் போய்விட்டது. அந்தத் தூரத்தைக் கழித்துப் பார்த்தால், மிஞ்சும் வேறுபாடு 2 × ஒளிவிலகல் எண் × தடிமன் × உட்கோணத்தின் கொசைன். கோணம் கூடினால் கொசைன் குறையும். எனவே அலைநீளமும் குறையும்.

பல அடுக்குகள் சேர்ந்த வடிகட்டிக்கு ஒரு சராசரி ஒளிவிலகல் எண்ணைக் கொள்வார்கள். அது 2.5 என்று வைத்துக்கொண்டால், 10 பாகை சாய்வில் 4.26 என்பது 4.25 ஆகிறது, இது பெரிதன்று. 20 பாகையில் 4.22 ஆகிறது. 30 பாகையில் 4.17 ஆகிவிடுகிறது. அப்போது பட்டை 4.10 முதல் 4.24 வரை நிற்கும். கரியமில வாயு உட்கவரும் பகுதியில் பெரும்பங்கு நழுவிவிடும். வில்லையால் குவித்து வரும் ஒளியில் பல கோணங்கள் கலந்திருப்பதால், பட்டை நகர்வதோடு அகன்றும் போகும். ஆதலால், ஒளி எந்தக் கோணங்களில் விழப்போகிறது என்பதை வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

வெப்பநிலையும் இதுபோன்றதே. சூடேறினால் ஜெர்மானியத்தின் ஒளிவிலகல் எண் கூடுகிறது. பட்டை நீண்ட அலைநீளத்தின் பக்கம் நகர்கிறது. ஒரு பாகைக்கு இந்த நகர்ச்சி மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவுதான். ஆனால் கருவி குளிர்ந்த அறையிலும் வேலை செய்ய வேண்டும். தன் சூட்டாலேயே வெதும்பிய நிலையிலும் வேலை செய்ய வேண்டும். பட்டை மிகக் குறுகியதாக இருந்தால் இந்தச் சிறு நகர்ச்சியும் கணக்கில் வந்துவிடும்.

இதனால் பெறப்படும் உண்மை ஒன்று உண்டு. பட்டை எவ்வளவு குறுகலோ அவ்வளவு நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. குறுக்கினால் ஒளி குறையும்; சிறு சாய்வும் சிறு சூடும் பட்டையை வாயுவைவிட்டு அகற்றிவிடும். அகலப்படுத்தினால் அண்டை வாயு நுழையும். இவ்விரண்டுக்கும் நடுவே தேவைக்கேற்ற அளவைக் கண்டு எழுதுவதே பொறியியல்.

பல கருவிகளில் இரண்டாவதாக ஒரு வடிகட்டியும் உண்டு. அது 3.9 அல்லது 4.0 மைக்ரான் அருகில் திறக்கும். அங்கே இவ்வாயுக்கள் ஒளியை அவ்வளவாகக் குறைப்பதில்லை. ஒளிமூலம் மங்கினாலோ, சன்னலில் ஈரம் படிந்தாலோ இரண்டு அலைகளும் சேர்ந்தே குறையும். கரியமில வாயு வந்தால் ஒன்று மட்டும் குறையும். இரண்டின் விகிதத்தை எடுத்தால் உண்மை தெரியும். தீப்பிழம்பை உணரும் கருவிகளிலும், வகுப்பறைக் காற்றின் தூய்மையைக் காட்டும் கருவிகளிலும் இத்தகைய வடிகட்டிகளையே காணலாம்.

மருத்துவமனையில் அத்திரையை என்றேனும் காண நேர்ந்தால், ஒவ்வொரு மேடும் எழுந்து இறங்குவதைக் கவனியுங்கள். அதன் பின்னால் மைக்ரானில் பின்னப் பங்கு தடிமனுள்ள படலங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால், என்னென்ன வேண்டும் என்று முழுமையாக எழுதிக் கொடுத்த ஒருவரின் தாள் இருந்திருக்கிறது.

நீங்களே விடை காணுங்கள்

1. கார்பன் மோனாக்சைடுக்காக 4.66 மைக்ரான் வடிகட்டி செய்ய வேண்டும். ஜெர்மானியத்தின் கால் அலைநீள அடுக்கு எவ்வளவு தடிமன்?

2. தவறுதலாக ஒரு வடிகட்டி 4.30 மைக்ரானிலும், இன்னொன்று 4.22 மைக்ரானிலும் அமைந்துவிட்டன. சாய்த்து வைத்து 4.26க்குக் கொண்டுவர எதனால் முடியும்?

3. பட்டை அகலம் 0.05 மைக்ரான், ஊடுருவல் 60 விழுக்காடு, கசிவு 10 மைக்ரான் அகலத்துக்கு 0.1 விழுக்காடு. வேண்டாத ஒளி, வேண்டிய ஒளியில் எத்தனை பங்கு?

விடைகள்: (1) சுமார் 0.29 மைக்ரான். (2) 4.30இல் அமைந்ததை மட்டும், சுமார் 20 பாகை சாய்த்து. சாய்த்தால் அலைநீளம் குறையுமேயன்றிக் கூடாது. (3) மூன்றில் ஒரு பங்கு.